தூசியும் மூச்சும்

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் மனிதர் உயிரோடு இருக்க முடியும். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட இருக்க முடியாது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறார். சுமார் 10,000 லிட்டர் காற்று அவர் நெஞ்சுக்குள் போய் வருகிறது. குடிநீரை வடிகட்டிக் காய்ச்சுகிறோம். அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்குகிறோம். கீரையை நான்கு தண்ணீரில் அலசுகிறோம். ஆனால் இவை எல்லாவற்றையும் விட மிகுதியாக உடலுக்குள் செல்லும் காற்றைப் பற்றி மட்டும் நாம் ஒரு கணமும் எண்ணுவதில்லை. கண்ணுக்குத் தெரியாதது கருத்துக்கும் எட்டுவதில்லை போலும்!

எங்கள் ஊராகிய ஆவூர் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ளது. மதுரை மிஷன் வரலாற்றில் பெயர் பெற்ற பழைய மறைத்தளம் இது. வீரமாமுனிவர் இங்கே பணி புரிந்தார். இன்றைய ஆலயம் 1747ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பெருமைக்குக் குறைவில்லை, நீருக்குத்தான் குறைவு. வற்றாத ஆறு எதுவும் எங்கள் மாவட்டத்தில் ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியிலும் கண்மாயிலும் தேக்கி வைத்தே காலம் தள்ளுகிறோம். மாசி பிறந்தால் மண் காய்ந்து பொடியாகிறது. தவக்காலம் முடிந்து பாஸ்கா நாடகமும் தேரும் வரும்போது ஊரெங்கும் கூட்டம். ஒவ்வொரு காலடியும் ஒரு பிடி மண்ணைக் கிளப்புகிறது. அது அடங்குவதற்குள் ஆடி வந்துவிடுகிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு, எங்களுக்கு வறண்ட வேகத்தை மட்டும் கொண்டு வந்து சேர்க்கிறது. அம்மி பறந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் பாடப்புத்தகத்தின் அட்டைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி படிவதை நாள்தோறும் பார்க்கிறோம்.

தூசியே இல்லாத ஊரை நாங்கள் கேட்கவில்லை. அது நடவாத காரியம். தூசி நிறைந்த ஊரில் இருந்துகொண்டே வீட்டுக்குள் நல்ல காற்றைச் சுவாசிக்க வழியுண்டா என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குள் எழுந்த கேள்வி.

கேள்வி எழக் காரணம் எங்கள் தோழி ஒருத்தி. அவளுக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. ஆடி மாதம் வந்துவிட்டால் அவள் இரவில் படுத்து உறங்குவதில்லை. தலையணையைச் சுவரில் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். காலையில் அவள் அம்மா வேலைக்குச் சென்றுவிடுவதால் வீடு பெருக்கும் பொறுப்பும் அவளுடையதே. பெருக்கி முடித்தபின் கால்மணி நேரம் திண்ணையில் அமர்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். அதன் பிறகே புத்தகப் பையை எடுப்பாள். "தூசிக்குப் பயந்துதானே வீட்டைப் பெருக்குகிறோம்? பெருக்கிய பிறகு ஏன் மூச்சு இன்னும் அதிகமாக முட்டுகிறது?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எளிய சோதனை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளை அட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அவற்றின்மேல் வாசலினை மெல்லியதாகப் பூசினோம். ஒட்டும் தன்மையால் காற்றில் மிதக்கும் தூசி அதில் பிடித்துக்கொள்ளும். எட்டுப் பேர் எட்டு வீடுகளில் இதைச் செய்தோம். ஓர் அட்டையைத் திண்ணையில் தொங்கவிட்டோம். ஒன்றை, வழக்கம்போல் உலர்ந்த தரையைப் பெருக்கும்போது கூடத்தில் தொங்கவிட்டோம். மறுநாள், தரையில் நீர் தெளித்துப் பெருக்கும்போது இன்னொன்றை அதே இடத்தில் தொங்கவிட்டோம். எல்லாவற்றையும் அரைமணி நேரம் மட்டுமே வைத்தோம். அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை, கண்ணே கருவி. ஆனால் வேறுபாடு கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. உலரப் பெருக்கிய கூடத்து அட்டை எட்டு வீடுகளிலும் திண்ணை அட்டையை விடக் கறுத்திருந்தது. நீர் தெளித்துப் பெருக்கியபோது வைத்த அட்டையோ ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது.

தோழியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தரையில் படிந்து கிடக்கும் தூசி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அதை எழுப்பி மூக்கின் உயரத்துக்குக் கொண்டு வரும்போதுதான் அது தீங்காகிறது. உலர்ந்த தரையை விளக்குமாற்றால் வீசிப் பெருக்குகிறவள் தூசியை வெளியே தள்ளுவதாக நினைக்கிறாள். கனமான மண் வெளியே போகிறது. நுண்ணிய தூசியோ மேலே எழும்பி, அவள் மூச்சுக்குள் புகுந்து, மிச்சம் மீண்டும் அலமாரியில் படிகிறது. வீடு சுத்தமாவதற்கு ஒருத்தியின் நெஞ்சு குப்பைக்கூடை ஆகலாமா?

இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. செவிலியர் பணிக்கு இலக்கணம் வகுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய நூலில், நோயாளியின் அறைக்குத் தூய காற்று வேண்டும் என்பதையே முதற்கடமையாக வைத்தார். உலர்ந்த துணியால் தூசி தட்டுவது தூசியை இடம் மாற்றுவதே ஆகும் என்றும், ஈரத்துணியால் துடைப்பதே அதை அகற்றும் வழி என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் பாட்டிமார்களுக்கும் இது தெரிந்திருந்தது. விடியற்காலையில் வாசலை எப்படிப் பெருக்குகிறோம்? முதலில் நீரோ சாணக் கரைசலோ தெளித்து மண்ணை அடக்குகிறோம், பிறகு பெருக்குகிறோம், அதன் பிறகே கோலம் போடுகிறோம். வாசலுக்குக் காட்டும் அந்த மரியாதையை வீட்டுக்குள் காட்ட ஏனோ மறந்துவிட்டோம்!

தூசியில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்களை மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரும்பாலும் பிடித்துவிடுகின்றன. தும்மலில் வெளியே தள்ளுகின்றன. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள் இந்தக் காவலர்களை எல்லாம் ஏமாற்றிவிட்டு நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்றுவிடும். காற்றில் புழுதியாகக் கண்ணுக்குத் தெரிவது அஞ்ச வேண்டியதில் பாதியே. தெரியாத பாதிதான் ஆழமாகச் செல்கிறது. அந்தத் தெரியாத பாதியில் பெரும்பங்கு மண்ணிலிருந்து வருவதன்று, அடுப்பிலிருந்து வருவது.

ஆம், தூசியைப் பற்றிப் பேசப் புகுந்த எங்களை ஆராய்ச்சி அடுப்படிக்கு அழைத்துச் சென்றது. எங்கள் வீடுகள் பெரும்பாலானவற்றில் இன்று எரிவாயு அடுப்பு இருக்கிறது. தமிழக அரசு 2006இல் அறிவித்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், மைய அரசு 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டமும் பல வீடுகளுக்கு அதைக் கொண்டு வந்தன. ஆயினும் சிலிண்டர் விலைக்குப் பயந்து, தேநீருக்கும் தாளிப்பதற்கும் எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு என்று பங்கு பிரித்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் பல. சீமைக் கருவேல் விறகும் தைல மரச் சுள்ளியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, காசு கொடுத்து வாங்கிய சிலிண்டரைத் திறக்க அம்மாவுக்கு மனம் வருவதில்லை.

விறகுப் புகையால் கண் எரிவதை எல்லோரும் அறிவோம். நுரையீரல் எரிவதை உலகம் சற்றுத் தாமதமாகவே அறிந்தது. அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் குஜராத் கிராமத்துச் சமையற்கட்டுகளில் புகையை அளந்து 1983இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். நகரச் சாலைகளைப் பற்றியே உலகம் கவலைப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏழைத் தாயின் அடுப்படியில் அதனினும் கொடிய காற்று இருக்கிறது என்று அவர்கள் காட்டினர். நம் மாநிலத்திலும் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழகக் கிராம வீடுகளில் அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். எரிவாயு எரிக்கும் வீட்டை விட விறகும் சருகும் எரிக்கும் வீட்டில் நுண்துகள் மிக அதிகம் என்பதையும், சமைப்பவர் மட்டுமன்றி வீட்டிலுள்ள மற்றவர்களும் அதைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் அவர்கள் கண்டனர். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பை ஊதும் தாய்மாரை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

அடுப்பை மாற்றினால் எவ்வளவு பயன் உண்டு? கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகள் உட்பட இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணித் தாய்மாரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. விறகு முதலியவற்றில் சமைத்த தாய்மார் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. எரிவாயுவில் சமைத்தவர்களுக்கு அது ஏறத்தாழ 24 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி பிறந்த குழந்தைகளின் எடை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஒரு நாளின் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டாதிருப்பதே நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிவுரை. ஆகவே எரிவாயு பெரிய படி, ஆனால் கடைசிப் படி அன்று என்றே நாங்கள் புரிந்துகொண்டோம். அடுப்பு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் கைகட்டி இருக்க முடியாது. புகையும் தூசியும் வரும் மற்ற வாசல்களையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கும் புகையும் வீட்டில் இருக்கிறது. கொசுவத்திச் சுருள் ஒன்று முழுதும் எரியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிகரெட்டை வீட்டுக்குள் அனுமதிக்காத அப்பாமார்கள் கூட, கதவு சன்னல்களை அடைத்துவிட்டு, குழந்தையின் தலைமாட்டிலேயே சுருளை ஏற்றி வைக்கிறார்கள். கொசுவலை புகைவதில்லை, நாற்றமில்லை, ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். குளிப்பாட்டிய பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நம் வழக்கம். பாட்டிமார்கள் எங்கள்மேல் கோபிக்கக் கூடாது. கூந்தல் உலரவும் வீடு மணக்கவும் அது நல்லதாகத் தோன்றலாம். ஆனால் விரற்கடை அளவேயுள்ள அந்தச் சிறு நுரையீரலுக்கு அது சுமைதான். மெல்லிய பருத்தித் துணியால் துவட்டி, காற்றுப்படாத இடத்தில் வைத்தாலே குழந்தைக்குப் போதும். மூடிய அறைக்குள் கரியடுப்போ தணலோ வைத்து உறங்குவதோ அறவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு மணமோ நிறமோ இல்லாதது; உறக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்.

இனி, நாங்கள் எட்டு வீடுகளில் செய்து பார்த்துக் கைக்கண்ட முறைகளைச் சொல்கிறோம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, பெருக்கும் முறை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஒட்டடை அடிப்பதானால் முதலில் மேலே, பிறகு அலமாரி, கடைசியில் தரை என்று மேலிருந்து கீழாக வர வேண்டும். தரையில் கையால் நீரைத் தெளித்து, சற்றுப் பொறுத்து, துடைப்பத்தை வீசாமல் தரையோடு இழுத்துப் பெருக்க வேண்டும். தென்னந்துடைப்பம் வாசலுக்கு, பூந்துடைப்பம் வீட்டுக்கு. சிமெண்டுத் தரையானால் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பது இன்னும் நல்லது. மண்தரை வீடுகளில் சாணமிட்டு மெழுகுவது அழகுக்காக மட்டுமன்று. அது மண்ணைப் பிடித்துப் படலமாக்கி, பொடியாக எழும்பாமல் காக்கிறது. "கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை, தெளிக்க எங்கே போவது?" என்று அம்மாமார்கள் கேட்பது நியாயமே. துணி அலசிய கடைசித் தண்ணீர் இதற்குப் போதும். ஒரு கூடத்துக்கு ஒரு சொம்பு நீரே செலவாகிறது என்று நாங்கள் அளந்து பார்த்தோம்.

இரண்டாவது, தூசி நுழையும் வழி. செருப்பை வாசலில் விடுவதும், கால் கழுவி உள்ளே வருவதும் முன்னோர் தந்த நல்ல பழக்கங்கள். அவற்றோடு, வாசற்படியில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் காலோடு வரும் மண் அதில் தங்கிவிடும். எங்கள் மாவட்டத்தில் கல் குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் உண்டு. அவற்றில் உழைத்து வரும் தந்தைமார், அண்ணன்மார் பலர். கற்பொடியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம். அந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் நாம் சிலேட்டில் எழுதும் குச்சிகளைச் செய்த தொழிலாளர் பலர் அந்நோய்க்கு இரையானார்கள். வேலையிடத்தில் நீர் தெளித்து அரைக்கவும் முகக்கவசம் அணியவும் வழி செய்ய வேண்டியது முதலாளிகளின் கடமை. வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாமல், வெளியிலேயே மாற்றி, தனியாக நீரில் ஊறவைத்து விட வேண்டும்.

மூன்றாவது, படுக்கை. வீட்டுத்தூசியில் நம் தோலிலிருந்து உதிர்ந்த துகள்களைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கின்றன. இழுப்பு நோய்க்கும் இந்த உண்ணிகளுக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1964இல் எடுத்துக் காட்டினர். தலையணையும் மெத்தையும் அவற்றின் கோட்டை. உறைகளை வாரம் ஒருமுறை கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, தலையணையை நல்ல வெயிலில் போட வேண்டும். எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? தோழியின் தலையணையை நாங்கள் முதலில் கவனித்தது இதனால்தான்.

நான்காவது, சன்னல். இதில்தான் நாங்கள் அதிகம் குழம்பினோம். திறந்தால் தூசி வருகிறது. மூடினால் புகை தங்குகிறது. இரண்டுக்கும் நேரம் பிரிப்பதே வழி என்று கண்டோம். விடியற்காலையிலும் மழை பெய்த பிறகும் தூசி அடங்கியிருக்கும். அப்போது எல்லாச் சன்னல்களையும் திறக்கலாம். காற்று வீசும் பிற்பகலில் சாலைப் பக்கத்துச் சன்னலை மூடி, கொல்லைப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைக்கலாம். அக்கம்பக்கத்தில் குப்பை எரிக்கும்போது மூடிவிட வேண்டும். சமையற்கட்டுச் சன்னல் மட்டும் அடுப்பு எரியும் நேரமெல்லாம் திறந்தே இருக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் அரைமணி நேரம் திறந்திருக்க வேண்டும். சன்னலில் ஈரத்திரை தொங்கவிட்டால் பெரிய தூசி குறையும். நுண்ணிய தூசி குறையாது.

ஐந்தாவது, விறகு எரித்தே ஆக வேண்டிய வீடுகள். விறகை நன்றாகக் காயவைத்து, சிறிதாகப் பிளந்து எரித்தால் புகை குறையும். பருப்பை ஊறவைத்து வேகவிட்டால், பாத்திரத்தை மூடி வைத்தால், அடுப்பு எரியும் நேரமே குறையும். வெந்நீர் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றலாம். வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டுமானால் புகைபோக்கி வேண்டும். புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு 1950களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை அமைத்து, அதைச் செய்யும் முறையை நூலாகவும் எழுதினார். தேசிய அளவில் 1980களில் பல இலட்சம் அடுப்புகள் அமைக்கப்பட்டன. கட்டிக் கொடுத்த பிறகு புகைபோக்கியில் அடைந்த கரியை அகற்றுவாரின்றிப் பல அடுப்புகள் வீணாயின. ஆகவே புகைபோக்கி வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதன் கரியைத் தட்டிவிடவும் வேண்டும்.

ஆறாவது, மரம். வீட்டுக்குள் தொட்டியில் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அழகுக்கு வைக்கலாம்; காற்றைச் சுத்தமாக்க அவை போதா. வீட்டுக்கும் சாலைக்கும் இடையே நிற்கும் வேம்பும் புங்கமும் அப்படியல்ல. அவற்றின் இலைகள் தூசியைத் தடுத்துத் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றன. மழை வந்து கழுவிவிடுகிறது. பாத்திரம் கழுவிய நீரே ஒரு வேப்பங்கன்றை வளர்த்துவிடும்.

எங்கள் தோழி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். சென்ற ஆடியில் அவள் வீட்டில் உலரப் பெருக்குவது நின்றது. கொசுவத்திக்குப் பதில் வலை வந்தது. தலையணை வெயிலில் காய்ந்தது. பெருக்கும் வேலையை அவளுடைய தம்பி ஏற்றுக்கொண்டான். இழுப்பு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் உட்கார்ந்தபடி கழிந்த இரவுகள் குறைந்தன என்று அவள் அம்மாவே சொன்னார்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை அவள் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தவும் கூடாது. "அது பழக்கமாகிவிடும்" என்ற பேச்சு ஊரில் உண்டு. மருந்து நேராக நுரையீரலுக்கே செல்வதால் மிகக் குறைந்த அளவே போதுமானது என்றும், அஞ்ச வேண்டியதில்லை என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

தம்பி பெருக்கினான் என்றதும் சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரு புனிதரை நினைவூட்ட விரும்புகிறோம். பெரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்து, தொமினிக்கன் சபை மடத்தில் நோயாளிகளைப் பேணி வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ் கையில் துடைப்பத்துடன்தான் சுரூபங்களில் நிற்கிறார். திருத்தந்தை 23ஆம் யோவான் 1962இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். துடைப்பம் பிடித்த கை பெண்ணுடையதாகவே இருக்க வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் சொல்லவில்லை! வீட்டுக் காற்று எல்லோருக்கும் பொது என்றால், அதைத் தூய்மையாக்கும் வேலையும் பொதுவாகவே இருக்க வேண்டும். பெருக்குவதும் அடுப்பூதுவதும் பெண்கள் மேல் மட்டுமே விழுந்தால், வீட்டின் தூசியையும் புகையையும் பெரும்பங்கு அவர்களே சுமக்க நேர்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய "இறைவா, உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலில், சமையலுக்கு எரிக்கும் எரிபொருளின் புகையால் ஏழைகள் நோயுறுவதையும் மறவாமல் குறிப்பிட்டார். உரோமையில் இருந்தவர் நம் அடுப்படியை நினைத்திருக்கிறார். அதே வீட்டில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் நினைக்க வேண்டாமா?

ஆண்டவர் மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கி, அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூலில் படிக்கிறோம். மண்ணும் மூச்சும் சேர்ந்தே நம்மை உண்டாக்கின. மண் காலுக்குக் கீழேயும் மூச்சு நெஞ்சுக்குள்ளேயும் இருக்கும்வரை நலமே. அவை இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அன்பான தோழியரே, பெற்றோர்களே! இந்த ஆடி மாதம் வருமுன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே இரண்டு மாற்றங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். முதலில் நீர் தெளிப்போம், பிறகு பெருக்குவோம். முதலில் சன்னலைத் திறப்போம், பிறகு அடுப்பைப் பற்றவைப்போம். ஒரு சொம்பு நீரும் ஒரு சன்னல் கொக்கியும் போதும், நம் வீட்டில் ஒருவர் படுத்து நிம்மதியாக உறங்க.